மோந்து சொல்லு

எங்கள் வீட்டில் பால் கெட்டுவிட்டதா, மாவு புளித்துவிட்டதா என்று யாரும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. பாத்திரத்தை அத்தையிடம் நீட்டினால் போதும். ஒரு தடவை மோந்து பார்ப்பார், தீர்ப்பு வந்துவிடும். கல்யாணமாகி நான் முசிறிக்கு வந்த புதிதில், தலைக்குக் குளித்துவிட்டு வந்தவளை வழிமறித்து, "சீயக்கா சரியாப் போகல, இன்னும் ரெண்டு சொம்பு ஊத்திக்க" என்றவர் அவர். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து என் மாமியாரின் மூக்கிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

மாமாவுக்குக் கோரைப்பாய் வியாபாரம். காவிரிக் கரையோரத்தில் விளையும் கோரையை அறுத்து, கீறி, காயவைத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். சரியாகக் காயாத கோரையில் நெய்த பாய் பூசணம் பிடித்துவிடும். மாமா கட்டைப் பிரித்து நாலு கோரையை ஒடித்துப் பார்ப்பார். அத்தைக்குப் பிரிக்கவே வேண்டாம். கட்டின் நடுவில் மூக்கை வைத்துவிட்டு, "உள்ள ஈரம் இருக்கு, திருப்பி அனுப்புங்க" என்பார். கொண்டுவந்தவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணுவார். பிரித்தால் நடுவில் சில்லென்று இருக்கும்.

அந்த மூக்கு எப்போது போனது என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது.

இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டால் 2006 மழைக்காலம் என்று தோன்றுகிறது. அந்த வருஷம் அடுத்தடுத்து இரண்டு வண்டி ஈரக் கோரையை அத்தை 'சரி' என்று சொல்லி இறக்கினார். பாய்கள் திரும்பி வந்தன. மாமா, "உங்கத்தைக்கு வயசாயிடுச்சு" என்றார். அத்தைக்கு அப்போது ஐம்பத்தொன்று. பிறகு 2008இல் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் வாசற்படியிலேயே கேஸ் நாற்றம் மூச்சை அடைத்தது. சமையற்கட்டில் அத்தை அமைதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். அடுப்பின் குமிழ் பாதி திறந்திருக்கிறது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சிலிண்டரை மூடிவிட்டு, நடுங்கிக்கொண்டே கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன் இப்படிக் கத்தறே?" என்றார். அசட்டை என்று நினைத்தேன். வேண்டுமென்றே செய்கிறாரோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

நான் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நரம்பு மண்டலம் நடத்துகிறவள். மூளையைச் சுற்றி டியூரா மேட்டர், அரக்னாய்டு, பையா மேட்டர் என மூன்று உறைகள் என்று கரும்பலகையில் மூன்று கலரில் வரைந்து காட்டுகிறவள். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

மூக்கு போனது போகட்டும். மனுஷியே மாறிப்போனதுதான் பெரிய கதை.

அத்தை அளந்து பேசுகிறவர். எனக்கு முதல் நான்கு வருஷத்தில் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். அப்போது எனக்கு உடம்புக்கு ஊற்றி, பத்தியம் சமைத்துப் போட்டவர் அவர்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; வேறு யாரையும் பேச விடவுமில்லை. அப்படிப்பட்டவர் 2009இல், என் நாத்தனார் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில், நான் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கூட்டத்துக்கு நடுவில் உரக்கச் சிரித்துக்கொண்டு, "இவ கைல ஏன்டி தட்டக் குடுத்தீங்க? வயித்துல ரெண்டத் தொலச்சவ" என்றார்.

என் அம்மா அங்கே இருந்தார். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார் என்று எனக்கு ஞாபகம். அது உண்மையா, என் மனசு சேர்த்துக்கொண்டதா தெரியவில்லை. அத்தை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல இன்னொரு லட்டு கேட்டார்.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். மாதக்கணக்கில். நான் பேசாததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

மெல்ல மெல்ல அவர் எதையுமே கவனிக்காமல் ஆனார். விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டவர், எட்டு மணிக்கும் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளி என்றால் குளிப்பார். சொல்லாவிட்டால் நாலு நாளானாலும் அப்படியே. ஒருநாள் கூடத்தில், விருந்தாளிகள் முன்னால், உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. அதற்கும் அவர் கூச்சப்படவில்லை. ஊரில் ஒரு டாக்டர் மாதவிடாய் நிற்கிற வயசு என்றார். இன்னொருவர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். எட்டு மாதம் சாப்பிட்டார். அந்த டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கூடவே இருந்த நான் அதை என்னவென்று நினைத்தேன்? திமிர் என்று.

சொந்தக்காரர்கள் குணசீலம் என்றார்கள். முசிறியிலிருந்து திருச்சி போகிற வழியில், காவிரிக் கரையில் இருக்கும் பெருமாள் கோவில். புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுவந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தங்கவைப்பார்கள். உச்சிக்கால பூஜையில் அவர்கள் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். நானும் போனேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தண்ணீர் முகத்தில் விழுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டார்கள், சிலர் முகத்தைத் திருப்பினார்கள். அத்தை மட்டும் தண்ணீர் முகத்தில் அறைந்த பிறகுதான் திடுக்கிட்டார். அது வருவது அவருக்குத் தெரியவே இல்லை என்று எனக்குப் பட்டது. திரும்பும்போது தூணில் மோதிக்கொண்டார்.

கோவிலில் குணமானதா என்று கேட்டால், எங்கள் வீட்டில் இன்றும் மாமா 'ஆமாம்' என்பார். அங்கே போயிருக்காவிட்டால் கண் டாக்டரிடம் போயிருக்க மாட்டோம் என்பது அவர் கட்சி. நான் மறுப்பதில்லை.

கண்ணாடி மாற்றத்தான் திருச்சிக்கு அழைத்துப் போனோம். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, அரைமணி உட்காரவைத்து, சின்ன விளக்கு ஒன்றால் கண்ணுக்குள் பார்த்தார். வலது கண், இடது கண், மறுபடி வலது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "கண்ணாடியெல்லாம் அப்புறம். முதல்ல தலையை ஸ்கேன் எடுங்க. இன்னிக்கே" என்றார். ஒரு கண்ணில் நரம்பு வெளுத்துப் போயிருக்கிறது, மற்றதில் வீங்கியிருக்கிறது என்றார். கட்டி நேராக அழுத்துகிற பக்கத்து நரம்பு பட்டுப்போகும். தலைக்குள் ஏறிய அழுத்தத்தால் மறு பக்கத்து நரம்பு வீங்கும். ஃபாஸ்டர் கென்னடி என்ற நரம்பியல் மருத்துவர் 1911இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார் என்று பிற்பாடு படித்தேன். ஐந்து நிமிஷச் சோதனை. எட்டு மாத மாத்திரைக்கு முன்னால் யாராவது அந்த விளக்கை அடித்துப் பார்த்திருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் அத்தையின் நெற்றிக்குப் பின்னால், இரண்டு புருவங்களுக்கும் நடுவே, வெள்ளையாக ஒரு பந்து. ஆறு சென்டிமீட்டர். சின்னச் சாத்துக்குடி அளவு.

'தலையில கத்தி வச்சா அவ்வளவுதான்' என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.சுக்குப் போனோம். 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைச் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அதற்கு முந்தின வருஷம்தான் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவிலேயே முதலாவதாக அப்படி ஒரு துறையைத் தொடங்கியிருந்தார். அந்தக் காலத்தில் சி.டி. ஸ்கேனே கிடையாது. சி.டி. ஸ்கேனுக்குள் முதன்முதலாகப் படுத்த நோயாளி, 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில், முன்மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்மணி. அத்தை மாதிரி ஒருவர். இருபது வருஷத்துக்கு மேல், வெளியே தெரிகிற அடையாளங்களையும் தலைக்குள் காற்றைச் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயையும் வைத்துக்கொண்டே மண்டையைத் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கை கூப்பத் தோன்றுகிறது.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "இவங்களுக்கு வாசனை தெரியுதா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் நர்ஸிடம் காப்பித்தூள் வாங்கி, அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்கை அடைத்து மற்றதில் காட்டினார். பிறகு மாற்றிக் காட்டினார். "என்னம்மா இது?" அத்தை, "ஒண்ணுமில்ல" என்றார். பிடிவாதமாகக்கூட இல்லை, வெறும் செய்தியாகச் சொன்னார். ஈரக் கோரை, கேஸ் சிலிண்டர் எல்லாம் எனக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அந்த அறையில் உட்கார முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

மூக்கின் கூரையில் சல்லடை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. அதன் ஓட்டைகள் வழியாகத்தான் வாசனை நரம்புகள் மேலே ஏறி மூளையின் அடிப்பக்கத்துக்குப் போகின்றன. அத்தையின் கட்டி அந்தச் சல்லடை மேல் உட்கார்ந்திருந்தது. மூளையில் முளைத்த கட்டி இல்லை என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூளையின் உறையில் முளைத்தது. மெனிஞ்சியோமா. ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1922இல் வைத்த பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். பெரும்பாலும் புற்று இல்லை. வருஷக்கணக்கில் மெல்ல வளரும். முதலில் வாசனையை நசுக்கியது. பிறகு மேலே முன்மூளையை அழுத்தியது. செய்ய வேண்டும் என்ற முனைப்பும், செய்யக்கூடாது என்ற கூச்சமும் அங்கேதான் இருக்கின்றன. மெதுவாக அழுத்தியதால் மூளையும் மெதுவாக இடம் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறது. கை கால் இழுக்கவில்லை, வலிப்பு வரவில்லை. குணம் மட்டும்தான் மாறியது. குணம் மாறினால் யார் ஸ்கேன் எடுக்கிறார்கள்?

அறுவைக்கு முன்பே வீக்கம் வற்றுவதற்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டார்கள். வார்டில் எல்லோரும் 'டெக்ஸா' என்பார்கள். கட்டியை அது கரைக்காது; கட்டியைச் சுற்றி மூளையில் ஊறியிருக்கும் நீரை வற்றவைக்கும். 1961இல் மினசோட்டாவில் இரண்டு மருத்துவர்கள் இதை எழுதியதற்கு முன்பெல்லாம் இந்த வீக்கத்தாலேயே பலர் போயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலை நான் அத்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் முகத்தைப் பார்த்து, "மொட்டை மாடில துணி காயப்போட்டிருந்தியே, எடுத்தாச்சா?" என்றார். சென்னையில், ஜி.எச். வார்டில். ஒன்றரை வருஷத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. "எடுத்தாச்சு அத்தை" என்றேன். என் நீண்ட மௌனம் அப்படித்தான் முடிந்தது.

ரத்தம் கொடுக்கப் பாய்க்கடை ஆட்கள் நாலு பேர் ராத்திரி பஸ் பிடித்து வந்தார்கள். மொட்டை அடித்தார்கள். ஒரு காதிலிருந்து மறு காது வரை உச்சி வழியாகக் கோடு போட்டு, நெற்றித் தோலை முன்னால் மடித்து, எலும்பைப் பலகைபோல எடுத்து, கட்டிக்கு அடியிலிருந்து வரும் ரத்தக் குழாய்களை முதலில் அடைத்து, உள்ளே குடைந்து காலி செய்து, பிறகு அதன் மேலோட்டை மூளையிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். பழத்தைச் சுரண்டிவிட்டுத் தோலை உரிப்பது மாதிரி என்றார் பயிற்சி டாக்டர் ஒருவர். ஒன்பது மணி நேரம். எவ்வளவு சுத்தமாக வேரோடு எடுக்கிறார்களோ அவ்வளவுக்குத் திரும்ப வருவது குறையும். வெளியே வந்தபோது அத்தையின் முகம் வீங்கி, கண் இரண்டும் மூடியிருந்தன. மூக்கிலிருந்து தண்ணீராக ஏதாவது வழிந்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். சளி என்று விட்டுவிடக்கூடாது, மூளையைச் சுற்றி இருக்கும் நீர் கசிகிறது என்று அர்த்தம். மூன்று ராத்திரி அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஆண்கள் வார்டில் இருந்த லாரி டிரைவர் ஒருவரின் மனைவி. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பழக்கம். "உங்களுக்கும் கட்டி, எங்களுக்கும் கட்டி. உங்களுக்கு எடுத்தாச்சுன்றாங்க, எங்களுக்கு மட்டும் ஏன்க்கா இன்னும் கரண்டு வைக்கணும்ன்றாங்க?" என்று கேட்டாள். அவருக்கு வந்தது கிளியோபிளாஸ்டோமா. மூளையின் உள்ளேயே பிறப்பது. அதற்கு எல்லையே கிடையாது. எனக்கு வீட்டுச் சாயத்தொட்டிதான் ஞாபகம் வந்தது. கோரையில் சாயம் ஏறியபின் சாயத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? கண்ணுக்குத் தெரிகிற கட்டியை எடுத்த பிறகும் அணுக்கள் நல்ல மூளைக்குள் ஊடுருவியிருக்கும். அதனால்தான் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், முகத்துக்கு அச்சு எடுத்த வலைபோன்ற முகமூடியை மேசையோடு பூட்டி, தலையை அசையவிடாமல் கதிர்வீச்சு. கூடவே தினமும் வெறும் வயிற்றில் டெமோசோலமைடு மாத்திரை. அதன் பிறகும் மாதத்தில் ஐந்து நாள் என்று ஆறு சுற்று. 2005இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றுதான் இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுவந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதம் தாண்டி உயிரோடிருந்தார்கள்; மாத்திரையும் சேர்ந்தால் 14.6 மாதம். இரண்டரை மாதம். படிக்கிறபோது இதற்கா என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேரிலிருந்து கிட்டத்தட்டப் பத்துப் பேராகக் கூடியிருந்தார்கள்.

அவளிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எனக்கே பிறகுதான் தெரியும். பதிமூன்று மாதம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. "மகன் காதுகுத்து வரைக்கும் இருந்தாருக்கா" என்றாள்.

அத்தையின் பயாப்ஸி பத்து நாளில் வந்தது. கிரேடு ஒன்று. கரண்டும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். வலிப்பு வராமலிருக்கக் கொஞ்ச காலம் மாத்திரை, வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். கண் முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் நடமாடப் போதும். வாசனை திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து நாலைந்து மாதம் இருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நாத்தனார் வந்துவிட்டுப் போன மறுநாள்.

"விசேஷத்துல நான் உன்ன ஒரு வார்த்த சொன்னேனாமே."

"ஆமா அத்தை."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"தெரியும் அத்தை. கட்டி அழுத்தினதால வந்ததுன்னு டாக்டர் சொன்னாரு."

கொஞ்ச நேரம் கீரையை மட்டும் உருவினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் சொன்னது வேறு மாதிரி. "கட்டி வார்த்தையை உண்டாக்காதும்மா. அடக்கி வைக்கிறதை எடுத்துடும், அவ்வளவுதான்" என்றிருந்தார். ஆறுதலுக்காக அவர் பொய் சொல்லியிருக்கலாமே என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். என்ன தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"அது உங்க மனசுல இருந்துச்சா அத்தை?"

"இருந்துச்சு" என்றார். "ரெண்டாவது போனப்ப ஒரு நாள் அப்படி நெனச்சேன். நெனச்சது எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அதான் வாய்க்கு வராமப் பாத்துக்கிட்டேன்."

முன்மூளையின் வேலை என்ன என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். இதைவிடத் தெளிவாக நடத்தியதில்லை. அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அவரைப் பற்றி என் மனசுக்குள் கிடந்தவற்றை அவர் கேட்கவில்லையே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

2020இல் கொரோனா வந்தபோது தெருவில் எல்லோரும் வாசனை போய்விட்டதா என்று சோப்பை மோந்து மோந்து பார்த்தார்கள். அத்தை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குப் பதினாலு வருஷமா கொரோனா" என்று சிரித்தார். ஜலதோஷமும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல் ஒருவருக்கு வாசனை போய், வாரக்கணக்கில் திரும்பாமல் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவரின் சுபாவம் மெல்ல மாறினால், அவரைத் திட்டுவதற்கு முன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியுமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கடைசி ஸ்கேன் 2021 பிப்ரவரியில் எடுத்தது. ஒன்றும் திரும்ப வளரவில்லை. அடுப்பைப் பற்றவைக்குமுன் அத்தை இன்னும் குரல் கொடுப்பார்: "இந்தா, வந்து மோந்து சொல்லு." பால், மாவு, கருவாடு எல்லாம் என் பொறுப்பு. கோரை வண்டி வந்தால் மாமா என்னைத்தான் கூப்பிடுகிறார். பத்துக் கட்டில் மூன்றைத் தப்பாகச் சொல்கிறேன்.